லாரி டியூபும் ரப்பர் தவளையும்

ஏற்காட்டில் சேர்வராயன் குடியிருக்கும் குகைக்குள் காவேரியம்மனும் இருக்கிறாள். மலைக்கு அவன், தண்ணிக்கு இவள். 1,623 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தக் கோயிலில் மே மாதம் திருவிழா. சுற்றுவட்டார மலையாளிப் பழங்குடி மக்கள் திரண்டு வருவார்கள். அதையொட்டி நல்ல கோடை மழை இரண்டு பெய்துவிட்டால், அடிவாரத்தில் வேறொரு கூட்டம் பரபரப்பாகிவிடும். தூண்டில்காரர்கள். சேர்வராயன் மலையில் விழும் மழைதானே கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கும் திருமணிமுத்தாற்றுக்கும் இறங்கி வருகிறது? ஏரியில் புதுத்தண்ணி கலந்தால் விரால் கரையோரப் புல்லுக்கு ஏறும்.

அமெரிக்காவில் இதே பித்துக்குப் பெயர் பாஸ் மீன். அங்கே பனி விலகித் தண்ணீர் சூடேறியதும் சீசன் ஆரம்பம். இடுப்பளவு மிதவைக்குள் உட்கார்ந்து, காலில் துடுப்புச் செருப்பு மாட்டி, சத்தமில்லாமல் பின்னோக்கி நீந்திக்கொண்டே, இறகும் மயிரும் கட்டிய போலி இரையை வீசுவார்கள். மிதவை இன்று பெரிய கம்பெனிச் சரக்கு. ஆரம்பத்தில் அதுவும் டயர் டியூபுக்குள் துணி இருக்கை தைத்ததுதான்.

டியூபுக்கு நாம் யாரிடமும் பாடம் படிக்க வேண்டியதில்லை. சேலம், சங்ககிரி, நாமக்கல் என்று லாரித் தொழில் கொழிக்கும் பக்கம் இது. பஞ்சர் கடையில் கழித்துப்போட்ட டியூபை ஒட்டுப்போட்டு வாங்கி, குறுக்கே கயிறு பின்னி, மேலே சாக்கை விரித்தால் ஓடம் தயார். கைதான் துடுப்பு. வலை விரிப்பவர்களும் தூண்டில் போடுபவர்களும் இப்படித்தான் நடு ஏரிக்குப் போனார்கள். பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: தண்ணிக்கடியில் மறைந்து நிற்கும் சீமைக்கருவேல முள். டியூபில் ஏறினால் ‘புஸ்’ஸென்று காற்று இறங்கும், நீச்சல் தெரியாதவன் கதை முடிந்தது.

தூண்டிலும் அப்படித்தான், காசில்லாத காரியம். நீள மூங்கில், தங்கூஸ், தொடையில் முள் கோத்த உயிர்த் தவளை. அல்லி இலைமேல் தவளையைத் தொட்டுத் தொட்டு எடுப்பார்கள். கீழே ‘களக்’கென்று ஒரு சத்தம். உடனே இழுத்தால் வெறும் முள்தான் வரும். விரால் இரையை வாய்க்குள் திருப்பிக்கொள்ளும்வரை பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமைதான் வித்தை.

இன்று கார்பன் ராடு, சின்ன ரீல், பின்னல் நூல். தவளை ரப்பராகிவிட்டது. முள் இரண்டும் முதுகோடு ஒட்டியிருப்பதால் எந்தப் புதரிலும் மாட்டாது. மீன் கவ்வி வயிறு அமுங்கினால்தான் முள் வெளியே வரும். உயிர்த் தவளை தப்பித்தது, சந்தோஷம். லாரிக்கும் டியூப்லெஸ் டயர் வர ஆரம்பித்துவிட்டதால் பழைய டியூப் கிடைப்பது அருகிவருகிறது. பிடித்த மீனோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு தண்ணியிலேயே விட்டுவிடும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த விடுவதுதான்.

மழைக்காலத் தொடக்கம் விரால் குஞ்சு பொரிக்கும் காலம். ஓரத்துப் புல்லை விலக்கி முட்டையிடும், முட்டை மிதக்கும். பொரித்த குஞ்சுகள் செம்மஞ்சள் பந்தாகத் திரண்டு நகரும். காற்றுக்கு மேலே வரும்போது அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுகிற மாதிரி தண்ணி துடிக்கும். பந்துக்கு அடியிலேயே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே ரப்பர் தவளையை இழுத்தால் அடி நிச்சயம். பசியால் அல்ல, எதிரி என்று நினைத்து. எந்தக் கற்றுக்குட்டிக்கும் பெரிய விரால் கிடைக்கும் சுலபவழி அது.

பாஸ் மீனிலும் இதே கதை. கூட்டைக் காக்கும் ஆண் மீனைச் சற்று நேரம் அப்புறப்படுத்தினாலே மற்ற மீன்கள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் தின்பதை அங்கே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் பல பகுதிகளில் ஜூன் பிற்பாதி வரை பாஸ் பிடிக்கத் தடை. நம் கடலுக்கும் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை உண்டு. ஏரி விராலுக்காக அப்படி ஒரு கெடு எந்தக் கரையிலும் பேச்சில் அடிபட்டு நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்துக்காரர்கள் கருணைக்கடல் என்று சொல்ல வரவில்லை. செம்மஞ்சள் பந்தைக் கண்டால் அவர்களும் விட்டதில்லை. ஆனால் அன்று ஏரிகள் அதிகம், தூண்டில் குறைவு. ஒரு ஜோடி போனால் அடுத்த ஓடையில் வேறொரு ஜோடி இருந்தது. இன்று பல ஏரிகளில் சாக்கடைத் தண்ணி. மிச்ச இடத்தில் ஜிலேபிக் கெண்டையும், வளர்க்கத் தடை போட்டும் ஒழியாத ஆப்பிரிக்கக் கெளுத்தியும். பெரிய விராலைப் படத்துக்காகத் தூக்கிப் பிடித்திருக்கும் அந்த ரெண்டு நிமிஷத்தில், கீழே பந்தை அவை பங்குபோட்டுவிடும். அப்புறம் தகப்பனை உயிரோடு விட்டு என்ன பயன்?

குஞ்சுகள் நிறம் கறுத்துத் தனித்தனியாகப் பிரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மண்புழுவைக் கோத்து ஜிலேபிக்குப் போடலாம். எத்தனை பிடித்தாலும் அது தீராது. மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டுப் பொரித்தால் ருசியும் மோசமில்லை.