கணனியின் மறைபணியாளரும் அவர்தம் தூதும்

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாட் காலையில் எழுந்த கடற்கோள் இலங்கையின் கரையோரத்தைச் சூறையாடிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது முதலாய ஊர்களில் எஞ்சியோர் கிடைத்த இடங்களிலெல்லாம் தஞ்சம் புகுந்தனர். உணவுக்கும் உடைக்கும் அடுத்தபடியாக அந்நாளில் வேண்டப்பட்டது பெயர்ப் பதிவே. காணாமற்போன பிள்ளையின் பெயர் ஓர் ஏட்டிலும், அப்பிள்ளை உயிரோடிருக்குஞ் செய்தி வேறோர் ஏட்டிலும் கிடக்குமாயின், அவ்விரண்டாலும் பெற்ற தாய்க்குப் பயனில்லை.

இக்குறையைப் போக்கும் பொருட்டு இலங்கைக் கணனி வல்லுநர் பலர் தொண்டர்களாகக் கூடி ஆக்கிய மென்பொருள் ‘சகானா’ என்பது. சிங்களத்தில் இச்சொல் நிவாரணம் எனப் பொருள்படும். 2005 இற் பாகிஸ்தானில் நேர்ந்த நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. தொடக்கத்தில் அது மூன்று செய்நிரல்களின் கூட்டாக இயங்கிற்று. அப்பாச்சி என்னும் இணையச் சேவையகம் வேண்டுகோளை வாங்கும், பீ.எச்.பி. மொழியில் அமைந்த நிரல் அதனை ஆராயும். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளச் சேவை பெயர்களைக் காக்கும். இம்மூன்றும் தம்முள் எவ்வாறு உரையாடுகின்றன என்பதை ஆராயின், கணனியியலின் அடிப்படை உண்மையொன்று புலனாகும்.

சேவை என்பது திரையில் தோன்றாது பின்னணியில் இயங்குஞ் செய்நிரல். பெரும்பாலும் கணனி விழித்தெழும்போதே தானும் எழுந்து, ஏவல் வருமளவும் காத்திருக்கும். அச்சிடுதல், நேரங்காட்டல், வலையிணைப்பைப் பேணல் ஆகிய பணிகள் இவ்வாறே நடைபெறுகின்றன. யூனிக்சு மரபில் இதனை ‘டீமன்’ என்பர். 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்திலே, மெக்சுவெல் என்னும் பௌதிகவியலறிஞர் கற்பனை செய்த ஓயாது உழைக்கும் பூதத்தை நினைந்து இப்பெயரிட்டனர்.

இச்சேவைக்கும் அதனை ஏவும் நிரலுக்கும் இடையே ஒரு சுவருண்டு. பணிசெயல் முறைமையின் கருப்பகுதி, ஒவ்வொரு நிரலுக்கும் நினைவகத்திலே தனிமனை வகுத்துக் கொடுக்கின்றது. ஒன்றன் மனையுள் மற்றொன்று எட்டிப்பார்த்தலும் ஆகாது. இச்சுவர் எதற்கு? பதிவேட்டை எல்லா நிரல்களும் நேரே திறந்து எழுதினால் என்ன குறை?

ஒரு முகாமிற் பதிவானோர் 40 பேர் என்று கொள்க. புதிதாய் வந்த இருவரை இரண்டு எழுதுவினைஞர் ஒரே கணத்திற் பதிகின்றனர். இருவரும் 40 என்பதைப் படித்து, ஒன்றைக் கூட்டி, 41 என எழுதுவர். இருக்கவேண்டியதோ 42. ஒருவர் கணக்கினின்றும் மறைந்தார். அவருக்குரிய உணவும் மறைந்தது. எவரும் பிழைசெய்திலர், ஆயினும் பிழை நேர்ந்தது. சேவையொன்று காவலாக நிற்குமிடத்து, நிரல் ஏட்டைக் கையிலெடுப்பதில்லை. ‘ஒன்றைக் கூட்டுக’ என்று ஏவுகின்றது. இரண்டு ஏவல்கள் ஒருங்கே வரினும் சேவை அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும். கணக்கும் தவறாது.

ஏவல் செல்லுதற்கு மூன்று வேண்டும்: முகவரி, மொழி, அடையாளம். முகவரி ‘சொக்கற்’ எனப்படும் இணைப்புவாய். பேர்க்கிளி யூனிக்சிலே 1983 இல் இது பரவலாயிற்று. வேறொரு கணனியிலிருந்து வரும் நிரல் மைஎஸ்கியூஎல் சேவையை வழமையாக 3306 ஆம் இலக்கத் துறையில் அடையும். அதே கணனியிலுள்ள நிரலோ கோப்பைப் போற் பெயர்பெற்ற வாயில் ஒன்றினூடாக அடையலாம். மொழி என்பது முன்னரே உடன்பட்ட நெறிமுறை. இணைப்புவாயினூடே பைற்றுகள் நீரோட்டம்போல் இடைவெளியின்றி வருதலின், ஒரு செய்தி எங்கே முடிகின்றது என்பதை அறிதல் வேண்டும். ஆதலால் மைஎஸ்கியூஎல் செய்தி ஒவ்வொன்றின் தலையிலும் 4 பைற்றுகள் உள. முதல் 3 நீளத்தையும், எஞ்சிய 1 வரிசையெண்ணையும் உணர்த்தும். அடையாளம் பெயராலும் கடவுச்சொல்லாலும் நிறுவப்படும். ஒரே கணனிக்குள்ளாயின், வந்தவர் யாரென்று கருப்பகுதியே சான்றுரைத்தலும் உண்டு.

வேறு வழிகளும் உள. 1973 இல் யூனிக்சிற் புகுந்த ‘குழாய்’ ஒரு நிரலின் வெளியீட்டை மற்றதன் உள்ளீடாக்கும். பெருந்தரவை விரைந்து பகிர, இரு நிரல்களுக்கும் பொதுவாக நினைவகத் துண்டொன்றைக் கரு ஒதுக்கிக் கொடுக்கும். லினக்சு மேசைக்கணனிகளில் டீ-பஸ் என்னும் பொதுத்தடம் உண்டு. ‘மின்கலம் வற்றுகின்றது’ என ஒரு சேவை அதில் அறிவித்தால், அதனைக் கேட்க விழைந்த நிரல்கள் அனைத்தும் கேட்கும். பள்ளிவாசலின் பாங்கொலி ஒருவரைப் பெயர்சொல்லி அழையாது. உரியோர் தாமே எழுவர். அத்தகையதே இவ்வறிவிப்பும்.

சேவைக்கு அதிகாரம் பெரிதாகலின் வாயில் சிறிதாயிருத்தல் நன்று. விண்டோசின் முற்பதிப்புகளிற் சேவைகள் பயனர் திரையிலேயே சாளரம் காட்ட வல்லனவாயிருந்தன. அச்சாளரத்துக்குத் தீய நிரலும் செய்தியனுப்பிச் சேவையின் அதிகாரத்தைக் கவரலாம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆதலின் 2007 இல் விற்பனைக்கு வந்த விஸ்டா பதிப்பில் சேவைகள் தனியமர்வில் ஒதுக்கப்பட்டன. பயனருக்கு ஏதேனும் காட்டவேண்டின், பயனர் பக்கத்திலுள்ள சிறுநிரலொன்றிற்குக் குழாய்வழிச் சொல்லியனுப்புதலே முறையாயிற்று.

இறுதியாக ஓரிடர். பெயரைப் பதியுமாறு ஏவியபின், விடை வருமுன் இணைப்பு அறுந்ததாயின், பதிவு நிறைவேறிற்றா இல்லையா? ஏவிய நிரல் அதனை அறியாது. மீண்டும் ஏவினால் ஒரு பிள்ளை இருவராகலாம். ஏவாது விடின் இல்லாமற் போகலாம். ஆகவே ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனியெண் ஒன்றை முதலிலேயே கொடுத்தல் நன்று. அதே எண் மறுமுறை வரின், முன்னரே பதிந்தது எனச் சேவை கண்டுகொள்ளும். நெறியுற அமைந்த சேவை, பாதியில் நின்ற பதிவைத் தள்ளி ஏட்டைப் பழைய நிலைக்கு மீட்கும். முடிந்ததை மட்டுமே முடிந்தது என்னும்.

ஒற்றுமைக்குச் சுவர் பகையென்பது பொதுவான எண்ணம். கணனியிலோ சுவரும், அதில் அளவான வாயிலும், வாயிலில் நேர்மையான காவலும் அமைந்தவிடத்தே பல நிரல்கள் ஒரே ஏட்டை நம்பி வாழ்கின்றன. மாணாக்கர் நிரல் எழுதுங்கால், ஏவலொடு நில்லாது விடையையுங் கேட்டுத் தெளிதல் வேண்டும். அவர் பதியும் ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு தாய் தேடும் பெயராக இருத்தல் கூடும்.