தலைக்குத் தலை பெரியதனம்
ரயில்வே உயர் பதவிகளின் கணக்கு

"தலைக்குத் தலை பெரியதனம்" என்று நம் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். வீட்டில் எல்லோருமே பெரியவர்களாகிவிட்டால் அடுப்பு மூட்டுவது யார் என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. அரசாங்க இலாகாக்களுக்கும் இது பொருந்தும். ஓர் இலாகாவின் உச்சியில் எத்தனை நாற்காலிகள் போடலாம், அதை யார் தீர்மானிப்பது, அந்தச் செலவை யார் ஏற்பது? இது அதிகாரிகளின் சொந்த விவகாரம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிட வேண்டாம். விடுமுறைக்கு ஊருக்குப் போக நாம் ஏறும் கொரமண்டல் எக்ஸ்பிரஸும், ஹௌரா மெயிலும், டாலிகஞ்சில் தினசரி நாம் பிடிக்கும் மெட்ரோவும் இந்தக் கணக்குக்குள்தான் ஓடுகின்றன.

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளத்தோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். கீழிருந்து மேலே பார்த்தவனுக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரிகிறது என்பதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு நகரம், மூன்று ஜெனரல் மானேஜர்கள்

கல்கத்தாவாசிகளான நமக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. இந்தியாவில் வேறெந்த நகரிலும் மூன்று ரயில்வே மண்டலங்களின் தலைமையகம் கிடையாது. ஃபேர்லி பிளேஸில் கிழக்கு ரயில்வே, கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வே, சௌரங்கி பக்கம் மெட்ரோ ரயில்வே. மூன்றுக்கும் தனித்தனி ஜெனரல் மானேஜர். பம்பாய்க்குக்கூட இரண்டுதான்.

இவை எப்படி வந்தன? சுதந்திரத்துக்குப் பின் பழைய கம்பெனி ரயில்வேக்களையும் சமஸ்தான ரயில்வேக்களையும் ஒன்று சேர்த்தபோது, 1951 ஏப்ரல் 14-ல் முதல் மண்டலமாக நம் தெற்கு ரயில்வே உருவானது. அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குள் மண்டலங்கள் 6 ஆயின. 1955-ல் கிழக்கு ரயில்வேயிலிருந்து தென்கிழக்கு பிரிந்தது. 1958-ல் வடகிழக்கு எல்லை ரயில்வேயும், 1966-ல் தென்மத்திய ரயில்வேயும் வந்தன. ஆக 9. அதன்பின் 36 ஆண்டுகள் அந்த எண்ணிக்கை மாறவில்லை.

பிறகு 2002 அக்டோபரில் 2, 2003 ஏப்ரலில் 5 என ஆறே மாதத்தில் 7 புது மண்டலங்கள் பிறந்தன. 9 என்பது 16 ஆயிற்று. அப்போது நிதிஷ் குமார் ரயில்வே மந்திரி. கிழக்கு ரயில்வேயிலிருந்து தன்பாத், தானாபூர், முகல்சராய் டிவிஷன்கள் ஹாஜிபூரைத் தலைமையகமாகக் கொண்ட புது மண்டலத்துக்குப் போயின. தென்கிழக்கு ரயில்வே மூன்றாகப் பிரிந்து, புவனேஸ்வருக்கு ஒன்றும் பிலாஸ்பூருக்கு ஒன்றும் போயிற்று. கல்கத்தாவில் அன்று எழுந்த எதிர்ப்பு நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மம்தா பானர்ஜி முன்னின்று எதிர்த்தார்.

அவரே மறுபடி ரயில்வே மந்திரியாக இருந்த 2010 டிசம்பரில் கல்கத்தா மெட்ரோ 17-வது மண்டலமாக அறிவிக்கப்பட்டது. விசாகப்பட்டினத்தைத் தலைமையகமாகக் கொண்ட 18-வது மண்டலம் 2019-ல் அறிவிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் அதன் தலைமையகத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிரிக்கும்போது எதிர்ப்பதும், நம் பக்கம் வரும்போது வரவேற்பதும் எல்லாக் கட்சிக்கும் எல்லா மாநிலத்துக்கும் பொது. 2007-ல் சேலம் டிவிஷன் உருவானபோது தமிழ்நாட்டில் மகிழ்ச்சி. பாலக்காடு டிவிஷன் சுருங்கியதால் கேரளத்தில் கொதிப்பு. மண்டலமும் டிவிஷனும் நிர்வாக வசதிக்கு என்பது போய், மாநில கௌரவத்தின் சின்னங்களாகிவிட்டன.

ஒன்று பிறந்தால் ஒன்றோடு நிற்காது

ஒரு மண்டலம் பிறந்தால் அதனுடன் ஒரு ஜெனரல் மானேஜர் மட்டும் பிறப்பதில்லை. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், சிக்னல், இயக்கம், வணிகம், கணக்கு, பணியாளர், ஸ்டோர்ஸ், மருத்துவம், பாதுகாப்பு என்று ஒவ்வொரு இலாகாவுக்கும் ஒரு தலைமை அதிகாரி வேண்டும். ஒவ்வொருவருக்கும் கீழே துணை அதிகாரிகள், அவர்களுக்குச் செயலர்கள், பங்களா, வண்டி, பியூன். நம்மூர் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஒருவர்தான். ஆனால் ஜாகை பிடிக்க வேண்டியது நாற்பது பேருக்கு!

மெட்ரோ மண்டலமானபோது அதன் பாதை டம்டமிலிருந்து கவி சுபாஷ் வரை சுமார் 25 கிலோமீட்டர். தெற்கு ரயில்வேயின் பாதையோ சுமார் 5000 கிலோமீட்டர். இரண்டும் அந்தஸ்தில் சமம். மெட்ரோவும் வளராமல் இல்லை. 2024-ல் ஹூக்ளி நதிக்கு அடியில் ரயில் ஓடியது; 2025 ஆகஸ்டில் மேலும் மூன்று பகுதிகள் திறந்தபின் மொத்தப் பாதை 70 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சுரங்க ரயிலின் தன்மையே வேறு. கிலோமீட்டரை மட்டும் வைத்து அளக்கக்கூடாது என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

ஆனால் டில்லியைப் பாருங்கள். அங்கே மெட்ரோ ஒரு கம்பெனி. மேலாண்மை இயக்குநர் ஒருவர், அவருக்குக் கீழே சில இயக்குநர்கள். முதலில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் பாலக்காட்டுப் பக்கத்து ஈ. ஸ்ரீதரன். 1964 புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர்செய்தவர். 1970-களின் தொடக்கத்தில் நம் கல்கத்தா மெட்ரோவின் திட்ட வேலையிலும் இருந்தவர். டில்லியில் 1998-ல் வேலை தொடங்கி, 2006-க்குள் முதல் கட்டம் 65 கிலோமீட்டர் முடிந்தது. நம் கல்கத்தாவில் 1972-ல் அடிக்கல் நாட்டி, 1984-ல் முதல் வண்டி ஓடி, 1986-ல் டாலிகஞ்ச் வந்து, டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை 16 கிலோமீட்டர் சொச்சம் முழுமையாக இணைய 1995 ஆயிற்று. நாட்டிலேயே முதல் மெட்ரோ, சேற்று மண், பணத் தட்டுப்பாடு என்று அதற்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் அதிகாரிகள் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் கையெழுத்துப் போட வேண்டிய கைகள் குறைந்தால் காகிதம் வேகமாக நகரும் என்பது ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்த எவருக்கும் தெரியும்.

மேலே மூன்று குறைந்தது

ரயில்வேயின் உச்சத்தில் இருப்பது 1905-ல் தொடங்கிய ரயில்வே போர்டு. இலாகாவுக்கு ஒரு மெம்பர் என்று அது வளர்ந்துகொண்டே வந்தது. சிவில் அதிகாரிக்கு சிவில் மெம்பர், எலெக்ட்ரிக்கல்காரருக்கு எலெக்ட்ரிக்கல் மெம்பர். அவரவர் இலாகாவுக்கு அவரவர் கொடி. டீசல் என்ஜினா, மின்சார என்ஜினா என்ற கேள்வியில்கூட, பயணிக்கு எது நல்லது என்பதை விட எந்த இலாகாவுக்கு எத்தனை பதவி என்பது முன்னால் வந்து நின்றது.

இதைச் சரிசெய்ய 1994-ல் பிரகாஷ் டாண்டன் கமிட்டி, 2001-ல் ராகேஷ் மோகன் கமிட்டி, 2012-ல் சாம் பிட்ரோடா கமிட்டி, 2015-ல் பிபேக் தேப்ராய் கமிட்டி எனப் பலரும் யோசனை சொன்னார்கள். தேப்ராய் நம் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர். கடைசியில் 2019 டிசம்பர் 24-ல் மத்திய மந்திரி சபை ஒரு முடிவெடுத்தது. எட்டுப் பேர் இருந்த போர்டு, தலைவரையும் சேர்த்து ஐவராகக் குறைந்தது. எட்டு 'ஏ' பிரிவுப் பணிகளும் ஒரே பணியாக இணையும் என்றும் அறிவித்தார்கள். அதே ஆண்டில் போர்டு அலுவலகத்தில் 200 ஆக இருந்த அதிகாரிகளை 150 ஆக்கி, மீதிப் பேரை மண்டலங்களுக்கு அனுப்பும் ஏற்பாடும் நடந்தது.

பலே என்று கை தட்டத் தோன்றுகிறது அல்லவா? அந்த முடிவின் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும். 27 ஜெனரல் மானேஜர் பதவிகளை உச்ச நிலைக்கு, அதாவது மத்திய அரசுச் செயலர் நிலைக்கு, உயர்த்துவது என்பது அந்த வரி. ஆக, போர்டில் 3 நாற்காலி குறைந்தது. வெளியே 27 நாற்காலிகளின் உயரம் கூடியது.

சம்பளத்தில் இதனால் பெரிய வித்தியாசமில்லை. ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்கில் முந்தைய நிலையின் ஆரம்பம் மாதம் 2,05,400 ரூபாய். உச்ச நிலைக்கு 2,25,000. விஷயம் பணமல்ல. ஒரே அந்தஸ்தில் பலர் இருந்தால், தகராறு வரும்போது முடிவு சொல்பவர் யார் என்பதுதான் கேள்வி.

பணி இணைப்புக்கும் சோதனை வந்தது. எல்லோரையும் ஒரே சிவில் சர்வீஸ் தேர்வு வழியாக எடுத்ததில் தொழில்நுட்பம் படித்தவர்கள் வருவது குறைந்தது. 2024 அக்டோபரில் அரசு வழியை மாற்றி, இயக்கம், கணக்கு, பணியாளர் பிரிவுகளுக்கு சிவில் சர்வீஸ் தேர்வு, பொறியியல் பிரிவுகளுக்கு இன்ஜினீயரிங் சர்வீஸ் தேர்வு என்று மீண்டும் இரண்டாக்கியது. பாலத்தின் விரிசலைப் பார்த்தவுடன் அதன் ஆபத்து புரிய வேண்டுமானால் அந்தப் படிப்பும் அனுபவமும் வேண்டும். பதவியின் எண்ணிக்கையைப் போலவே அதில் உட்காருபவரின் தகுதியும் முக்கியம்.

ஒப்படைத்து வாங்கும் கணக்கு

மேலே புதுப் பதவி வேண்டுமென்றால் அதற்கான பணம் எங்கிருந்து வரும்? அரசாங்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. அதே பண மதிப்புள்ள பதவிகளை வேறெங்காவது ஒப்படைக்க வேண்டும். கேட்பதற்குச் சிக்கனமான ஏற்பாடு. ஆனால் பெரும்பாலும் ஒப்படைக்கப்படுவது கீழ்மட்டத்தில் காலியாகக் கிடக்கும் பதவிகள்தான்.

ஆரம்ப அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்து ஒரு மனக்கணக்குப் போடுங்கள். கலாசி நிலைக்கு 18,000 ரூபாய். இலாகா தலைமை அதிகாரிகள் பலர் இருக்கும் 14-வது நிலைக்கு 1,44,200. எட்டு கலாசிப் பதவிகள் போனால் மேலே ஒரு நாற்காலி! உண்மைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. பாதுகாப்பு வேலைகளுக்கான பதவிகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. ஆனால் திசை புரிகிறது அல்லவா? 1990-91-ல் ரயில்வே ஊழியர்கள் சுமார் 16.5 லட்சம். இப்போது சுமார் 12 லட்சம். இயந்திரங்கள் வந்துவிட்டன, ஆள் குறையலாம். அதே காலத்தில் மண்டலங்கள் மட்டும் இரட்டிப்பாயின.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. நார்த்கோட் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1955-ல் ஒரு கட்டுரை எழுதினார். 1914-க்கும் 1928-க்கும் இடையே பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய போர்க்கப்பல்கள் 62-லிருந்து 20 ஆகக் குறைந்தன. கடற்படை அலுவலக அதிகாரிகளோ 2000-லிருந்து 3569 ஆனார்கள் என்று அதில் எடுத்துக்காட்டினார். கப்பல் குறைந்தாலும் காகிதம் குறையவில்லை!

கடிவாளம் எங்கே?

அமெரிக்காவில் 1978-ல் ஒரு சட்டம் வந்தது. எல்லா இலாகாக்களின் உயர் நிர்வாகப் பதவிகளும் ஒரே தொகுப்புக்குள் வைக்கப்பட்டன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு இலாகாவும் தனக்கு எத்தனை வேண்டும், ஏன் வேண்டும் என்று கேட்க வேண்டும். மத்தியப் பணியாளர் அலுவலகம் ஒதுக்கித் தரும். அரசியல் நியமனம் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

நம் நாட்டிலும் விதிகள் இல்லாமலில்லை. ஐ.ஏ.எஸ். பதவிகளின் எண்ணிக்கையைப் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்க வேண்டும் என்கிறது 1954-ம் ஆண்டு விதி. மாநில அரசு தானாகக் கூட்டும் பதவிக்கும் கால வரம்பு உண்டு. மத்திய அரசு சம்மதித்தால்தான் அதை நீட்டிக்கலாம். மந்திரிகளுக்கோ 2003-ல் அரசியல் சட்டமே எல்லை போட்டுவிட்டது: சபையின் எண்ணிக்கையில் 15 சதவீதம். மந்திரிக்கு எல்லை உண்டு. மண்டலத்துக்கு ஏன் இல்லை?

நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

2023 ஜூன் 2-ம் தேதியை கல்கத்தாத் தமிழர் யாரும் மறக்க முடியாது. ஷாலிமாரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட கொரமண்டல், பாலசோர் அருகே பஹானகா பஜாரில் நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 290-க்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். சிக்னல் வயரிங் தவறாக இணைக்கப்பட்டதே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. அதோடு இன்னொன்றையும் சுட்டியது: 2022 மே 16-ல் அதே கரக்பூர் டிவிஷனில் பாங்ரா நயாபாஸ் ஸ்டேஷனில் இதைப் போன்ற வயரிங் தவறு நடந்திருந்தது. அப்போதே சரிசெய்யும் நடவடிக்கை எடுத்திருந்தால் இந்த விபத்தைத் தவிர்த்திருக்கலாம்.

உயர் பதவிகள் அதிகமானதால்தான் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை ஓராண்டுக்கு மேல் செயலாக மாறாமல் கிடந்தது. தலைகள் பல இருந்தும் அது என் பொறுப்பு என்று கை தூக்க ஒருவர் இல்லாத அமைப்பில்தான் இப்படி நடக்கும். எண்ணிக்கை என்பதற்குப் பின்னால் இருக்கும் உண்மைக் கேள்வி இதுதான்.

எனக்குத் தோன்றும் வழிகள் மூன்று. முதலாவது, புதிய உயர் பதவி எதுவானாலும் மூன்று ஆண்டு மட்டும். அதற்குள் என்ன செய்தது என்று காட்டினால் நீடிக்கட்டும். இரண்டாவது, மேலே ஒன்று கூட்டினால் மேலேயே ஒன்றைக் குறைக்க வேண்டும். கலாசியையும் மேற்பார்வையாளரையும் விற்று நாற்காலி வாங்கக்கூடாது. மூன்றாவது, ஒவ்வொரு பதவிக்கும் நேராக, இவர் எந்த முடிவுக்குப் பொறுப்பு என்று ஒரே ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அந்த வரியை எழுத முடியாத பதவி தேவையில்லாத பதவி.

வாசகர்களால் ஆவது என்ன என்று கேட்கலாம். 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, ஒவ்வோர் அலுவலகமும் தன் அதிகாரிகளின் பட்டியலையும் சம்பளத்தையும் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. ஃபேர்லி பிளேஸும் கார்டன் ரீச்சும் இதற்கு விலக்கல்ல. அனுமதிக்கப்பட்ட பதவிகள் எத்தனை, உச்சியில் எத்தனை, தண்டவாளப் பராமரிப்பில் எத்தனை காலியிடம் என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் மத்திய அரசு அலுவலகங்களை யாரும் கேட்கலாம். சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். நாளை அந்த நாற்காலிகளில் ஒன்றில் அவர்களே உட்காரலாம். அப்போது, எனக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணுவதை விட, எந்த வேலைக்கு நான் பொறுப்பு என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இருக்கும்.