ரப்பர் படகு: சிறியதா, பெரியதா?

ஆற்றங்கரை ஊர்களிலுள்ள சங்கங்கள், பொதுநல நிதியிலிருந்து காற்றடைத்த ரப்பர் படகு ஒன்றை வாங்கி வைப்பது பற்றி யோசிப்பது நல்லது என்றே கருதுகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிப் பகுதியில் நேர்ந்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், நூற்றுக்கணக்கான பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது. அவர்களுக்கு ஹெலிகாப்டரில் உணவு கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. சாலை அறுந்துபோன ஊருக்கு வெளியிலிருந்து படகு வந்து சேர்வதற்குள் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடக் கூடும். அந்த நேரத்தில் உயிர் காப்பது ஊருக்குள்ளேயே இருக்கும் படகுதான்.

எந்த அளவில் வாங்குவது என்பதுதான் கேள்வி. செலவு செய்வதே செய்கிறோம், பெரியதாகவே வாங்கிவிடலாம் என்ற எண்ணம் நிர்வாகக் குழுக்களில் இயல்பாக எழும். நாம் அதற்கு உடன்படவில்லை.

2.7 மீட்டர் நீளமுள்ள சிறிய படகின் எடை ஏறத்தாழ 30 கிலோ. மூவர் அல்லது நால்வர் ஏறலாம்; இருவர் எளிதில் தூக்கிச் செல்லலாம். 4.2 மீட்டர்ப் படகில் ஏழெட்டுப் பேர் ஏறலாம் என்பது மெய்யே. ஆனால் அலுமினியத் தளத்துடன் அதன் எடை 80 கிலோவை ஒட்டி நிற்கும். அதற்கேற்ற 25 குதிரைச்சக்தி மோட்டார் தனியே 50 கிலோவுக்குக் குறையாது. நள்ளிரவில், மின்சாரம் நின்றுபோன தெருவில், இவற்றைச் சங்கக் கட்டடத்திலிருந்து நீர் விளிம்பு வரை கொண்டுசெல்ல ஆறு ஆட்களாவது வேண்டும். அந்த ஆறு பேரும் அவ்வேளையில் தத்தம் தாயாரையும் குழந்தைகளையும் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

நம் நெசவாளர் தெருக்களின் அகலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திண்ணைக்கும் திண்ணைக்கும் இடையில் பெரிய படகு நுழைந்தாலும் திரும்ப இயலாது. இடுப்பளவு நீரில் மோட்டார் உதவுவதைவிடத் தொல்லை கொடுப்பதே அதிகம். தென்னோலை, கிழிந்த சேலை, வீட்டிலிருந்து மிதந்து வந்த பாவு நூல் என்று எதுவானாலும் சுழலியில் சுற்றிக்கொள்ளும். சிறிய படகானால் ஒருவர் முன்னே மூங்கில் கழியால் தரையைத் தட்டிப் பார்த்துச் செல்ல, மற்றொருவர் கயிறு கட்டி இழுத்துப் போகலாம். திறந்த சாக்கடையும் கிணறும் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியா.

ஆயினும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். தேங்கிய நீருக்குத்தான் சிறிய படகு. கரை உடைந்த வாயிலிலும் ஆற்றின் நடு ஓட்டத்திலும் அதை இறக்குவது தற்கொலைக்கு ஒப்பாகும். அங்கே பெரிய படகும், மோட்டாரும், தீயணைப்புத் துறையினரைப் போலப் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும். பெரிய படகு ஒன்றையும் அதன் மோட்டாரையும் வாங்கும் தொகையில், மோட்டார் இல்லாத சிறிய படகுகள் இரண்டும் மிதவைச் சட்டைகளும் வாங்கலாம். இரண்டு இருந்தால் ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது.

ரப்பர் படகு விளையாட்டுப் பொருள் என்று முதியோர் சிலர் நகைப்பதுண்டு. 1952இல் அலேன் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர், ஏறத்தாழ நான்கரை மீட்டர் நீளமுள்ள இத்தகைய படகில் தனியொருவராக அட்லாண்டிக் கடலைக் கடந்தார். 65 நாட்கள் ஆயின. படகின் வலிமை அதன் அறைகளில் இருக்கிறது. காற்று தனித்தனி அறைகளில் அடைக்கப்படுவதால், சீமைக் கருவேல முள் ஓர் அறையைக் குத்தினாலும் மற்றவை தாங்கும். எனவே அளவு எதுவாயினும், குறைந்தது மூன்று அறைகள் உள்ளனவா என்று பார்த்தே வாங்குக. எத்தனை பேர், எவ்வளவு எடை என்று படகிலேயே பொறித்திருக்கும், அதை மீறலாகாது. நூல் கட்டும் விதை மூட்டையும் ஏற்ற வேண்டுமென்று உறுப்பினர் கெஞ்சுவார். அவர் வருத்தம் நமக்குப் புரிகிறது. ஆனாலும் கடைசி மனிதர் மேடேறிய பின்னரே மூட்டைக்கு இடம்.

காற்றழுத்தம் பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். இப்படகுகளின் பக்கக் குழாய்களுக்குப் பெரும்பாலும் கால் பார் அழுத்தமே போதும். கார் டயரில் இருப்பது ஏறத்தாழ இரண்டு பார். ஆகையால் டயர்க் கடை யந்திரத்தில் காற்றடித்தால் தையல் பிரிந்துவிடும். கால் பம்பே போதும். வெயிலில் கிடக்கும் படகில் காற்று விரிந்து விம்மும். குளிர்ந்த நீரில் இறக்கியதும் தளரும். இறக்கிய பின் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்கியபின் மடித்துப் பரணில் போட்டுவிட்டால் எலி கடித்துவிடும். நன்கு உலர்த்தி, மாக்கல் தூள் தூவி, எலி புகாத பெட்டியில் வைக்க வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் ஒருநாள் காற்றடித்து ஓர் இரவு விட்டுவைத்தால் கசிவு தெரிந்துவிடும். அறையின் சாவிகளில் ஒன்று காரியதரிசியிடம் இருக்கட்டும். மற்றொன்றை மேட்டுத் தெருவில் குடியிருக்கும் அங்கத்தினர் ஒருவரிடம் ஒப்படைக்கவும்.