உரிமையோடு கேட்கும் பிரார்த்தனை

பிரார்த்தனை செய்கிறவர்கள் நாட்டில் குறைந்துவிட்டார்கள் என்று எவரும் சொல்ல முடியாது; பிரதோஷ வேளையில் எந்தச் சிவாலயத்துக்குள் நுழைந்தாலும் கொடிமரத்தையும் தாண்டி நீளும் வரிசையே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்களுள், தாம் கேட்கப்போவதைக் கேட்கத் தமக்கு உரிமை உண்டு என்ற நிச்சயத்தோடு நிற்பவர் எத்தனை பேர் என்ற கேள்வி வெகுகாலமாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

அந்த நிச்சயம் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புகிறவர் தம்பிரான் தோழரான சுந்தரரிடம்தான் போக வேண்டும். குண்டையூரில் குவிந்த நெல்லைத் திருவாரூருக்குச் சுமந்து செல்ல ஆள் வேண்டுமென்று திருக்கோளிலிப் பெருமானிடம் கூசாமல் கேட்டவர் அவர். திருமுதுகுன்றத்திலே பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் இறங்கித் தேடினார். வந்த பொன்னையும் உரைத்துப் பார்த்து, மாற்றுக் குறைகிறதே என்று மறுபடியும் பதிகம் பாடினார். கொடுத்தவனிடமே கொடுத்த பொருளின் தரத்தைப் பற்றி வழக்காடுவதற்கு எவ்வளவு நெருக்கம் வேண்டும்!

கேட்டதெல்லாம் கிடைத்ததனால் வந்த துணிவு அது என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படியன்று என்பதற்குத் திருவொற்றியூர் நிகழ்ச்சி போதும். சங்கிலியாரை மணப்பதற்காக, அவரைப் பிரியேன் என்று சபதம் செய்ய நேர்ந்தபோது, சந்நிதியில் நான் சத்தியம் செய்யும் சமயத்தில் நீர் மகிழ மரத்தடியில் போய் இருந்துவிடும் என்று இறைவனிடமே ரகசியமாக ஏற்பாடு செய்துகொண்டார் சுந்தரர். இறைவனோ சங்கிலியாரின் கனவிலே தோன்றி, அந்த மகிழின் அடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். பின்பு திருவாரூர் வசந்த விழாவின் நினைவு மேலிட்டு, சொன்ன சொல்லைத் தவறி ஊரெல்லையைக் கடந்த கணத்தில் சுந்தரரின் கண்ணொளி மறைந்தது. தோழன் என்பதற்காக நீதி வளையவில்லை. நீதி வளையவில்லை என்பதற்காகத் தோழமையும் முறியவில்லை.

பார்வையிழந்தவர் வாய் மூடி நடந்தாரா என்றால் இல்லை. திருவெண்பாக்கத்தில் நின்று, கோவிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்டார்; இருக்கிறோம், நீர் போம் என்று அயலாருக்குச் சொல்வதுபோல் பதில் வந்தது; ஊன்றிக்கொள்ள ஒரு கோல்மட்டும் கிடைத்தது. அந்தப் பழைய தலம் 1944-இல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் அடங்கிவிட்டதால் கோவிலை அருகே மாற்றி அமைத்திருக்கிறார்கள். அங்குள்ள நந்திக்கு ஒரு கொம்பு ஒடிந்திருக்கிறது. கோபத்தில் சுந்தரர் வீசிய கோல் பட்டு ஒடிந்தது என்பது அவ்வூர் வழக்கு. நடந்ததோ நடக்கவில்லையோ, தண்டனை பெற்றவன் தண்டித்தவனுடைய வாசலிலேயே நின்று சினங்கொள்ளலாம் என்று நம்பி, அதைக் கல்லிலும் காட்டி வைத்த ஒரு சமூகத்தின் மனம் அந்த ஒடிந்த கொம்பிலே தெரிகிறது. காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் திரும்பின. அதுவரை வழியெல்லாம் அவர் கேட்டுக்கொண்டேதான் போனார்.

ஊடல் கொண்ட மனைவி பரவையாரிடம் சுந்தரர் இறைவனையே தூது அனுப்பியதைக் கேட்டு, மற்றொரு நாயனாரான ஏயர்கோன் கலிக்காமர் கொதித்தெழுந்தார் என்பதும், பணிவே பக்திக்கு அழகு என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு என்பதும் உண்மையே. ஆயினும் நம் காலத்துக்கு வந்திருக்கும் ஆபத்து மிகையான உரிமையினால் வந்ததன்று. நமக்கும் தெய்வத்துக்கும் இடையே பேச்சே இல்லாமற்போனதுதான் ஆபத்து. அந்த இடத்தைப் பரிகாரம் என்பது வந்து பிடித்துக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை மாலை, நவக்கிரக சந்நிதியில் ஒரு தாயாரைப் பார்த்தேன். மகளுக்கு வரன் கூடி வந்து தட்டிப்போகிறதாம். சோதிடர் எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தது: இன்ன கிழமை, இத்தனை எள் தீபம், இன்ன நிறத்தில் வஸ்திரம், இத்தனை சுற்று. நெரிசலில் யாரோ இடித்ததில் ஏழாவது சுற்றா, எட்டாவதா என்று கணக்குத் தவறிவிட்டது. முகம் வெளிறி, முதலிலிருந்து தொடங்கினார். அவர் உதடுகள் முணுமுணுத்ததெல்லாம் எண்கள்தாம். மகளின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தத் தாயிடம் நான் குற்றம் காணவில்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்தவரை, ஒரு சுற்றுக் குறைந்தால் பலன் போய்விடும் என்று நடுங்க வைத்த போதனையைக் கண்டுதான் எனக்கு நெஞ்சு பதறுகிறது. கட்டணமும் விதிமுறையும் உள்ள காரியாலயத்தில் மனுக் கொடுப்பவனுக்கு, மனு நிராகரிக்கப்படுமோ என்ற பயம் இருக்கத்தான் செய்யும். தினமும் பேசிப் பழகிய ஒருவரிடம் கேட்பவனுக்கு அந்தப் பயம் ஏன் வருகிறது?

சுந்தரரின் வழி இன்னமும் முழுவதும் அற்றுப்போய்விடவில்லை. கிராமத்து அம்மன் கோவில் படியிலே உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏண்டியம்மா, உனக்குக் கண்ணில்லையா? எம்மவன் என்னடி பாவம் பண்ணினான்?" என்று சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கும் கிழவிகள் இருக்கிறார்கள். மறுநாள் காலையில் அதே கிழவி செம்பரத்தம் பூவைப் பறித்துக்கொண்டு வருவாள். கேட்டது கிடைத்துவிட்டது என்பதனால் அன்று, நேற்றுத் திட்டிவிட்டோமே, இன்று போய்ப் பார்க்க வேண்டாமா என்பதனால். இந்தச் சுபாவம் புத்தகத்தினால் வருவதன்று. நாளெல்லாம், சிறிய விஷயங்களையும்கூடச் சொல்லிச் சொல்லிப் பழகியதனால் வருவது.

அந்தக் கிழவிகளின் பேத்திகளை நாம் என்ன செய்கிறோம்? சந்நிதியில் நிறுத்தி, பெயரையும் நட்சத்திரத்தையும் கோத்திரத்தையும் நாமே ஒப்பித்துவிட்டு, தட்டைப் பெற்றுக்கொண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறுகிறோம். அர்ச்சனை முடிகிற வரையிலாவது, கணக்குப் பரீட்சையைப் பற்றிய பயத்தையும் சிநேகிதியோடு போட்ட சண்டையையும் அந்தக் குழந்தை தன் வாயால், தன் மொழியில் ஸ்வாமியிடம் சொல்லட்டும் என்று சற்றே ஒதுங்கி நிற்க நமக்கு ஏன் மனம் வரவில்லை?