மேக்கப் கண்காட்சிக்கு வெறும் முகத்தோடு போங்கள்

வாட்ஸ்அப்பில் மேக்கப் கண்காட்சிக்கு அழைப்பு வந்ததும், மேனாம்பேட்டில் எங்கள் தெருமுனையில் பார்லர் நடத்தும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “அங்க ஆஃபர் போடுவாங்களா?” என்பதுதான். போடுவார்கள். ஆனால் அதற்காக மட்டும் போனால் ஒரு நாள் வருமானம் போய், கைபடாத நாலு பேலட் வீட்டுக்கு வந்து சேரும். தீவுத்திடல் பொருட்காட்சிக்குக் குடும்பத்தோடு போய் டெல்லி அப்பளம் தின்றுவிட்டு வருவோமே, அந்த மாதிரி இடம் இல்லை இது. தொழில் செய்கிறவர்களுக்காக, தொழிலுக்குச் சரக்கு தருகிறவர்கள் நடத்தும் சந்தை.

உலக அளவில் இதற்கு முன்மாதிரி என்று இரண்டைச் சொல்லலாம். ஒன்று, 1967-இல் இத்தாலியின் பொலோனா நகரில் தொடங்கிய காஸ்மோப்ரோஃப். அழகுத் துறை முழுவதற்குமான அந்தக் கண்காட்சி 2018-இல் முன்னோட்டமாக மும்பைக்கும் வந்தது. இன்னொன்று, 1997-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய ஐமேட்ஸ். இது மேக்கப் கலைஞர்களுக்கென்றே நடந்தது. கல்யாண மேக்கப்பும் சினிமா மேக்கப்பும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கும். ஒரு மேடையில் மணப்பெண்ணுக்கு ஐலைனர் வரைந்துகொண்டிருப்பார்கள். பக்கத்து மேடையில் ஒருவர் முகத்தில் ரப்பர் தோலை ஒட்டி எண்பது வயதுக் கிழவராக்கிக்கொண்டிருப்பார்கள். ‘தசாவதாரம்’ (2008) படத்தில் கமல்ஹாசனின் பத்து வேடங்களுக்கு மைக்கேல் வெஸ்ட்மோர் செய்தாரே, அந்த வேலைதான். சென்னையில் பெரிய தொழில் கண்காட்சி என்றால் நந்தம்பாக்கம் வர்த்தக மையம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

உள்ளே நுழையப் பதிவு செய்ய வேண்டும். ‘நீங்கள் யார்?’ என்று படிவம் கேட்கும்: பார்லர் உரிமையாளரா, மேக்கப் கலைஞரா, மாணவரா, மொத்த வியாபாரியா? சில கண்காட்சிகளில் பொதுமக்களுக்கு அனுமதியே கிடையாது. விசிட்டிங் கார்டு, பயிற்சிச் சான்றிதழ், நீங்கள் வேலை செய்த மணப்பெண்களின் படம் உள்ள இன்ஸ்டாகிராம் பக்கம் என்று ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு இல்லையென்றால் ஐம்பது மட்டும் அடித்துக்கொண்டு போங்கள். தொழில்காரர் என்று தெரிந்தால்தான் ஸ்டால்காரர் சில்லறை விலையை விட்டு வேறு விலை பேசுவார்.

பதிவு செய்ததும் தரும், கழுத்தில் மாட்டும் அட்டையில் ‘மேக்கப் ஆர்ட்டிஸ்ட்’ என்று ஒரு பெண்ணின் பெயர் வருவது இன்று சாதாரணம். மும்பை சினிமாவில் அது சாதாரணமாக இருக்கவில்லை. பெண்கள் முடி அலங்காரம் மட்டும் செய்யலாம், மேக்கப் கலைஞருக்கான உறுப்பினர் கார்டு ஆண்களுக்குத்தான் என்று அங்கிருந்த சங்கம் பல பத்தாண்டுகள் விதி வைத்திருந்தது. சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு.யு. லலித் அமர்வு 2014 நவம்பர் 10 அன்று அந்த விதி செல்லாது என்றது. நம் ஊரில் இன்னும் ‘மேக்கப்மேன்’ என்ற சொல்தான் வாயில் வருகிறது. எம்.ஜி.ஆருக்கு மேக்கப் போட்ட பீதாம்பரம் காலத்துச் சொல் அது.

சரி, உள்ளே போனதும் என்ன செய்வது? ஃபவுண்டேஷன் ஸ்டாலுக்குப் போங்கள். கடையில் கிடைக்காத வசதி ஒன்று இங்கே உண்டு. ஒரு கம்பெனியின் எல்லா நிறங்களையும் திறந்து வைத்திருப்பார்கள். நம் தோலுக்கேற்ற ஆழமான நிறங்களை வெளிநாட்டுக் கம்பெனிகள் நெடுங்காலம் பேருக்கு இரண்டு மூன்று என்றுதான் செய்தன. 2017-இல் ஃபென்டி பியூட்டி 40 நிறங்களோடு வந்த பிறகு மற்றவர்களும் பட்டியலை நீட்டினார்கள். நீட்டினாலும், மாநிறம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் மஞ்சள் ஓடுவது, சிவப்பு ஓடுவது, பச்சை ஓடுவது என்று பல இருக்கின்றன. அடியில் ஓடும் அந்த நிறம் தவறினால் மணப்பெண்ணின் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும்.

அதனால்தான் வெறும் முகத்தோடு போகச் சொல்கிறேன். பலரும் டெஸ்டரைப் புறங்கையில் தேய்த்துப் பார்க்கிறார்கள். புறங்கை வெயில் பட்ட தோல். முகத்தின் நிறம் அது இல்லை. தாடை ஓரத்தில், காதுக்குக் கீழே, கழுத்தோடு சேரும் இடத்தில் போடுங்கள். இடப்பக்கம் ஒரு நிறம், வலப்பக்கம் ஒரு நிறம். எது எந்தப் பக்கம், எத்தனை மணிக்குப் போட்டது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஸ்டாலை விட்டு நகர்ந்துவிடுங்கள். தோல் எண்ணெயோடு சேர்ந்ததும் சில ஃபவுண்டேஷன் ஒரு மணி நேரத்தில் ஒரு படி கறுத்துவிடும். போட்ட நிமிடத்தில் அசத்துவது எதையும் நிரூபிப்பதில்லை.

அடுத்து, செல்போனில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். வெயிலைத் தடுக்கச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, ஜிங்க் ஆக்சைடு போன்றவை ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கண்ணாடியில் லட்சணமாக இருந்த முகம் ஆல்பத்தில் மாவு பூசியதுபோல் வரும். ஸ்டாலின் விளக்கு ஒரே சீரான வெள்ளை. நம் மண்டபத்திலோ ஹோமப் புகை, குத்துவிளக்கு, மஞ்சள் ஃபோகஸ் லைட், வீடியோகிராஃபரின் எல்.இ.டி. எல்லாம் ஒன்றாகச் சேரும்.

மேடை டெமோ பார்க்கும்போது முடிந்த முகத்தைப் பார்த்துக் கைதட்டுவதில் பயனில்லை. மாடலாக உட்காரும் பெண்ணுக்குப் பெரும்பாலும் மாசு மரு இல்லாத தோல், அரங்கத்தில் ஏ.சி. வேறு. கையைப் பாருங்கள். எவ்வளவு எடுக்கிறார், எதன் மேல் எதை வைக்கிறார், ஒன்று காய எவ்வளவு நேரம் விடுகிறார் என்று பாருங்கள். லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் தேய்க்கிறாரா, ஸ்பேட்டுலாவால் தட்டில் எடுத்து பிரஷ்ஷால் போடுகிறாரா என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். கேள்வி நேரம் வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “வியர்வை வழிஞ்சா எப்படி டச்-அப் பண்றது, மேல பவுடர் போட்டா திட்டுத் திட்டா ஆகாதா?” சென்னையில் வேலை செய்கிறவருக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. டெஸ்டர் மஸ்காராவை, பலர் தொட்ட லிப்ஸ்டிக்கை உங்கள் கண்ணுக்கும் உதட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். நூறு பேர் கண் பட்ட பிரஷ் அது.

வாங்கத்தான் வேண்டும் என்றால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். நான் ஒருமுறை பாதி விலை என்று ஒரு ஐஷேடோ பேலட்டை அள்ளிக்கொண்டு வந்தேன். அம்பத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: தேதி முடிய ஒன்றரை மாதம். இறக்குமதி செய்தவர் பெயரே அச்சிடப்படவில்லை. பில்லும் வாங்கவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ‘காஸ்மெடிக்ஸ் விதிகள், 2020’ சொல்வதன்படி இங்கே தயாரித்த பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்த மாதம் வரை பயன்படுத்தலாம் என்பவை இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, பதிவுச் சான்று எண். இவை இல்லாத பொருளை மணப்பெண்ணின் முகத்தில் போட்டு ஒவ்வாமை வந்தால், பதில் சொல்ல நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கடைசி நாள் மாலையில் விலை இறங்குவது உண்டு. ஆனால் உங்கள் நிறம் அதற்குள் தீர்ந்திருக்கும். பஃப், பஞ்சு, ஹேர்பின் போன்றவற்றுக்குப் பாரிமுனை மொத்தக் கடைகளே போதும்.

தனிக் கட்டணம் கட்டிச் சேரும் மாஸ்டர் கிளாஸில் சான்றிதழ் தருவார்கள். சுவரில் மாட்ட அழகாக இருக்கும். அரசுத் தகுதி என்று நினைத்துவிட வேண்டாம். அது வேண்டுமென்றால் ஐ.டி.ஐ.-களில் உள்ள காஸ்மெட்டாலஜி பிரிவு போன்ற முறையான படிப்புதான் வழி.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. கற்றுக்கொள்ளவும் பொருள் பார்க்கவும் அந்த மாதங்களை ஒதுக்கிக்கொள்வது நம் தொழிலுக்கு வசதி. மேனாம்பேட்டிலிருந்து நந்தம்பாக்கத்துக்கு வண்டியில் என்றால் வானகரம், போரூர் வழி. பஸ் என்றால் அம்பத்தூர் எஸ்டேட்டில் டி70 பிடித்து கிண்டியில் இறங்கி, பூந்தமல்லி போகும் 54-இல் ஏறுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் டெஸ்டர் பக்கம் நெருங்க முடியாது.

மாலையில் வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப்பில் கைக்கண்ணாடியை எடுத்து, பகல் வெளிச்சத்தில் இரண்டு தாடையையும் பாருங்கள். எந்தப் பக்கம் கழுத்தோடு கலந்து கண்ணுக்கே தெரியவில்லையோ, அந்த நிறத்தின் எண்ணை நோட்டில் சுழித்துக்கொள்ளுங்கள். ஸ்டால்காரரின் கார்டை வாங்கி வைத்திருந்தால், மறுநாள் போன் செய்து வரவழைத்துக்கொள்ளலாம்.