கணவாயும் கடல்நுரையும்

திருகோணமலையிலே பிறந்த பிள்ளைக்குக் கடலைக் காட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. உட்துறைமுக வீதி வழியே பள்ளிக்கூடம் செல்லும் சிறுவன், எழுத்துக் கூட்டப் பழகுமுன்னரே சூடையையும் முரலையும் திருக்கையையும் வேறு பிரித்தறிவான். அவனேதான் உயர்தர வகுப்பில் உயிரியற் பாடம் தொடங்கியதும் வாயடைத்துப் போகிறான். முப்பது ஆண்டுகள் அப்பாடத்தைக் கற்பித்தவன் நான். அந்த மௌனத்தில் எனக்கும் பங்குண்டு.

“கணவாய்” என்று மாணவன் சொன்னால், “தலைக்காலி என்று சொல்” எனத் திருத்துவேன். பரீட்சையை எண்ணினால் அது குற்றமன்று. ஆயினும் ஒரு சொல்லைக் கொடுக்கும்போதே மற்றொரு சொல்லைப் பறித்துக்கொண்டேன் என்பது, ஓய்வு பெறுவதற்குச் சிறிது காலம் முன்னர்தான் எனக்கு உறைத்தது.

உறைக்கச் செய்தவர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் இளம் விரிவுரையாளர். பாடசாலை மாணவர்க்குச் செய்முறை காட்டவென்று ஒரு சனிக்கிழமை, பட்டப்படிப்பு மாணவியர் இருவரோடு அவர் வந்தார். படங்களும் பெரிய கருவிகளும் வரும் என்று நான் எதிர்பார்த்திருக்க, அவர் கையிலோ மீன் சந்தையில் வாங்கிய கணவாய்கள் நிறைந்த ஒரு பை! நான் மட்டும் விரைந்து சென்று, தூசு படியாமலிருக்கப் பூட்டி வைத்திருந்த நுணுக்குக்காட்டியை வெளியே எடுத்தேன். அதைப் பூட்டியவனும் நானே.

“இதை அறுக்கத் தெரிந்தவர் யார்?” என்றார். கடைசி வாங்கிலிருந்து மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் தயங்கி எழுந்தான். மைப்பை உடையாமல் அவன் கத்தியை ஓட்டிய நேர்த்தியைக் கண்டு மாணவியர் வியந்தனர். உள்ளே இருபுறமும் இருந்த மெல்லிய இழைத் தொகுதியைக் காட்டி, “இது என்ன தம்பி?” என்று கேட்டார் விரிவுரையாளர்.

“பூ, சேர்.”

நல்ல விடை. தமிழகத்தார் செவுள் என்று எழுதுவதை நம் பாடநூல்கள் பூ என்றே வழங்குகின்றன. சந்தையிலே மீன் வாங்குவோர் சிவப்பாக இருக்கிறதா என்று விரித்துப் பார்க்கும் அதே பூ! ஒவ்வொரு பூவின் அடியிலும் ஓர் இதயம், உடலுக்கெல்லாம் இரத்தம் செலுத்த மூன்றாவது இதயம் எனக் கணவாய்க்கு மூன்று இதயங்கள் உண்டென்பதை அவர் தொட்டுக் காட்டினார். நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் தொழிலை அதன் இரத்தத்தில் செம்பு செய்வதால், ஒட்சிசன் ஏறியதும் அது நீலமாகிறது என்றார். “எங்கே நீலம்?” என்று பிள்ளைகள் குனிந்து தேடினார்கள். செத்த கணவாயில் அது எளிதில் தெரியாது. அவர்கள் தேடினார்களே, அதுவே எனக்குப் புதுமை.

இத்துறைமுகம் ஆராய்ச்சிக்குப் புதிதன்று. இலங்கையிலே பிறந்த இராணுவ மருத்துவர் கெலார்ட், 1850களின் பிற்பகுதியில் இங்கிருந்தே முத்துச் சிப்பியை ஆராய்ந்தார். தம்பலகாமக் குடாவின் சிப்பியையும் ஓடற்ற கடல் நத்தைகளையும் பற்றி எழுதினார். எழுதியது ஆங்கிலத்தில். வந்தாறுமூலையிலே 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று; 2001இல் திருகோணமலையிலும் அதன் வளாகம் அமைந்தது. கல்விக்கூடம் அருகே வந்தாலும், அங்குள்ள ஆங்கிலத்துக்கும் பாடநூலின் கலைச்சொல்லுக்கும் கடற்கரைப் பேச்சுக்கும் இடையே தோணி விட ஆள் வேண்டுமல்லவா? அன்று வந்த மூவரும் அத்தொழிலையே செய்தார்கள்.

கணவாயின் முதுகினுள்ளிருந்த வெள்ளை ஓட்டை எடுத்தபோது, “எங்கட அம்மம்மா இதைக் கடல்நுரை எண்டு மருந்துக்கு வைப்பா, நுரைதான் இறுகி இப்படி ஆனதாம்” என்றான் பையன். வகுப்பு சிரித்தது. முன்பென்றால் நானும் சிரித்திருப்பேன்.

விரிவுரையாளர் சிரிக்கவில்லை. சித்த மருத்துவத்திலும் அதற்கு அதுவே பெயர் என்றார். பின்பு ஓட்டைக் குறுக்கே வெட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து அவனை அழைத்தார். அடுக்கடுக்கான நுண்ணறைகள்! அவற்றினுள் வாயுவும் நீரும் இருக்கும். நீரைக் கூட்டியும் குறைத்தும் கணவாய் தன்னை மிதக்கவிடுகிறது. “நுரைக்குள்ளும் காற்றறைதானே தம்பி? ஓடு நுரையிலிருந்து உண்டாகவில்லை. ஆனாலும் பெயர் வைத்தவர் நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்.”

பையன் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, “ஆழத்துக்குப் போனால் இது நொறுங்காதா, சேர்?” என்று கேட்டான். என் வகுப்பில் அவன் கேட்ட முதற் கேள்வி அது.

“அளவுக்கு மீறிப் போனால் நொறுங்கும். எந்த இனம் எவ்வளவு ஆழம் தாங்கும் என்று தேடி எழுதி அனுப்புகிறேன்” என்றார் அவர்.

பையன் ஓட்டின் மற்றப் பாதியை அப்பியாசக் கொப்பித் தாளிலே சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், அம்மம்மாவுக்குக் காட்டவேண்டுமாம். நுணுக்குக்காட்டியை அன்று நான் பூட்டவில்லை.