இடுப்பு வலிக்குப் படுக்கை மருந்தல்ல

இடுப்பு பிடித்துக்கொண்டால் நம் புதுச்சேரியில் முதலில் கிடைக்கும் அறிவுரை, "அசையாமப் படு." அடுத்தது பெல்ட். ஒரு வாரமாகியும் வலி நின்றபாடில்லை என்றால் ஸ்கேன். அதில் எல்4-எல்5 முள்ளெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு விலகியிருப்பதாக எழுதி வந்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு அந்த மனிதரை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கவிட மாட்டார்கள். முத்தியால்பேட்டையிலும் சரி, முதலியார்பேட்டையிலும் சரி, இந்த வரிசை மாறுவதில்லை. ஆராய்ச்சிகளோ முப்பது ஆண்டுகளாக இதற்கு நேர்மாறாகச் சொல்லிவருகின்றன.

1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களில் திடீர் இடுப்பு வலி வந்த 186 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் முழுப் படுக்கை; இன்னொன்றுக்கு முதுகுப் பயிற்சி; மூன்றாவது பிரிவினர், வலி அனுமதிக்கிற அளவுக்கு அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். விரைவாகத் தேறியவர்கள் மூன்றாவது பிரிவினர்தான். படுத்தவர்கள் தேற அதிக நாளானது.

காரணம் புரியாத ஒன்றல்ல. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வின் உட்பகுதிக்கு ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியிருக்கும் திசுவிலிருந்து ஊறிவருவதுதான் அதற்கு ஊட்டம்; அசைவு அந்த ஊறலுக்குத் துணைசெய்வதாகக் கருதப்படுகிறது. அசையாமல் கிடந்தால் முதுகைத் தாங்கும் தசைகளும் சில நாட்களிலேயே தளர ஆரம்பிக்கின்றன. அதோடு பயம் சேர்ந்துகொள்கிறது. குனிந்தால் முறிந்துவிடுமோ என்று பயந்து உடம்பை விறைப்பாக வைத்திருப்பவருக்கு வலி நீடிக்கிறது.

பயத்தைக் கூட்டுவதில் ஸ்கேன் சீட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. இடுப்பு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. வலியில்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. 50 வயதில் அது 80 சதவீதம். ஜவ்வுப் பிதுக்கம் 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு இருந்தது. ஆக, உங்கள் சீட்டில் இருக்கும் வார்த்தைகள் உங்கள் வலிக்குக் காரணமாக இருக்கலாம். வெறும் வயதின் அடையாளமாகவும் இருக்கலாம். ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால்வரை 'சுரீர்' என்று இழுக்கும் வலிகூடப் பலருக்குச் சில மாதங்களில் அறுவை சிகிச்சை இல்லாமலேயே அடங்கிவிடுகிறது.

பெல்ட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. குறிப்பிட்ட நோய் எதுவும் காரணமாக இல்லாத வலிக்கு, அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு இருக்கும் வலிக்கு, பெல்ட்டும் வெயிட் கட்டி இழுப்பதும் வேண்டாம் என்கிறது அது. நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, உடற்பயிற்சி, மசாஜ், மனநல ஆலோசனை ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. பாராசிட்டமாலால் பெரிய பயனில்லை என்று 1,652 பேரிடம் நடந்த ஆஸ்திரேலிய ஆய்வு 2014இலேயே காட்டிவிட்டது. அதைவிடக் கடுமையான வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும். பாட்டி வறுத்துக் கட்டிக் கொடுக்கும் உப்பு ஒத்தடத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். புதிதாக வந்த வலிக்குச் சூடு இதமளிக்கும் என்பதை அமெரிக்க மருத்துவர் சங்கங்களும் ஏற்கின்றன. ஆனால் சுளுக்கு எடுக்கிறேன் என்று முதுகில் மிதிக்க மட்டும் விடாதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்கும்; மிதியில் முறிந்துவிடலாம்.

பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம்மூரில் ஏராளம். லீவுக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்நாட்டின் அரசு மருத்துவக் காப்பீட்டு அமைப்பு 2017 நவம்பரில் ஒரு பிரசாரத்தையே தொடங்கியது. முதுகு வலிக்கு அசைவுதான் சரியான வைத்தியம் என்பது அதன் முழக்கம்.

நம்மிடம் நடப்பதற்கான இடமும் இருக்கிறது. கடற்கரைச் சாலை சுமார் ஒன்றரை கிலோமீட்டர். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதியில்லை. பள்ளம் மேடு இல்லை, ஹாரன் இல்லை, கட்டணமும் இல்லை. இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேர நடை என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாக நேரத்தைக் கூட்டியவர்களுக்கு, வலி திரும்பிவர நடுமதிப்பாக 208 நாட்களாயின. நடைத் திட்டம் இல்லாதவர்களுக்கு 112 நாட்கள். முதல் வாரம் காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலைவரை போய்த் திரும்பினால் போதும். நடுவில் உட்கார்ந்துகொள்ளலாம். லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாளும் வலி கூடியே இருந்தால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லோருக்கும் நடையையே மருந்தாகச் சொல்லிவிட முடியாது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்ணைப் பாருங்கள். ஒரு காலை மடக்கி அரிவாள்மணையை அழுத்திப் பிடித்தபடி வஞ்சிரத்தைத் துண்டு போடுகிறார். ஐஸ் பெட்டி முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தபடியே இடுப்பைத் திருகி அதை இழுக்கிறார். காலையிலிருந்து மதியம்வரை இதேதான். ஓய்வெடுக்கச் சொன்னால் அவருக்கு அன்றைய வருமானம் போகும். பெட்டியை முன்பக்கம் கைக்கெட்டும் இடத்துக்கு மாற்றுவதும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடப்பதும் அவரால் முடிந்தவை. உயரமான மேடையும் நாற்காலியும் அங்காடியை நடத்துகிறவர்கள் செய்து தர வேண்டியவை.

சுமை தூக்குகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். வீட்டு காஸ் சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. தண்ணீர் கேன் 20 கிலோ. 25 கிலோ வரையிலான பைகளுக்கு 2022இல் ஜிஎஸ்டி வந்த பிறகு அரிசி மூட்டை 26 கிலோவாகவும் வருகிறது. தூக்கும் பொருளை உடம்போடு ஒட்டி வைத்தால் இடுப்பின் பாரம் வெகுவாகக் குறையும், உண்மைதான். ஆனால் தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதால் மட்டும் வலியைத் தடுக்க முடிவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சுமையைக் குறைப்பதும் பகிர்வதும்தான் வழி. மாடிவீட்டுக்காரர்கள் கேனின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டாலே உதவிதான்.

பெரும்பாலான வலி ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடும். தணியாவிட்டால் பெரியாஸ்பத்திரியிலோ கோரிமேடு ஜிப்மரிலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சில அறிகுறிகளுக்கு அந்த ஆறு வாரமும் காத்திருக்கக் கூடாது. இரவில் தூங்கவிடாத வலி, மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு மூன்றும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் அது அரிதல்ல. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்கள், கீழே விழுந்த முதியவர்கள் தாமதிக்க வேண்டாம். இளவயதில் காலை எழுந்ததும் அரைமணிக்கு மேல் இடுப்பு இறுகி, நடமாடினால் தளர்கிறதென்றால் அது ஒருவகை மூட்டுவாதமாக இருக்கலாம். சிறுநீர் தெரியாமல் போவது அல்லது கட்டிக்கொள்வது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் துவண்டுபோவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். நரம்பின் அழுத்தத்தை அறுவை சிகிச்சையால் எவ்வளவு சீக்கிரம் நீக்குகிறார்களோ, சிறுநீர்ப்பையும் காலும் மீளும் வாய்ப்பு அவ்வளவு கூடும்.